வேலாயுதனுக்கு ஒரு மூட்டை

இல்லாத ஆள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"உங்க கூட்டுக்காரர் காலையிலயே வந்து ஒப்பிட்டாச்சல்லோ," என்று பாஸை நீட்டினார் வன இலாகா கிளார்க். "ஆளு அதிகம் மிண்டமாட்டாரு, கேட்டதுக்குக்கூட வாய் திறக்கல்லே."

வன்னியபெருமாள் தலையை ஆட்டிவைத்தார். அகத்தியர் மலைக்கு மாசியில் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள். ஒற்றையாளுக்குப் பாஸ் கிடையாது. சாலைக் கடைத்தெருவில் ஆணியும் கீலும் விற்றே தலை நரைத்த மனுஷனுக்கு, மூன்று நாள் காட்டில் கூடவே நடக்க ஒரு ஜீவன் இல்லை. சாகக் கிடந்தபோது மனைவி மாடம்மாள் கேட்டது ஒன்றுதான்: உச்சியில் எனக்காக ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வாங்க. அதற்காகத்தான் பாஸுக்கு எழுதிக் கொடுத்தபோது, துணையாள் என்று வாய்க்கு வந்த பெயரைச் சொல்லியிருந்தார். வேலாயுதன்.

வேறு யாரோ வேலாயுதனாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு தான் குடியிருக்கும் தம்பானூர் லாட்ஜுக்குத் திரும்பினார். மாடிப்படியடியில் லாட்ஜ்காரி ஜெயபாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க கூட்டாளி மேல போயிருக்காரு. ரெண்டு பேருக்கும் கஞ்சி எடுக்கட்டா?"

மேலே வராந்தாவில் யாரும் இல்லை. ஸ்டேஷனில் எஞ்சின் பெருமூச்சு விடும் சத்தமும், பஸ்களின் உறுமலும், எங்கோ ரேடியோவில் யாரோ மலையாளத்தில் செய்தி வாசிப்பதும் வழக்கம்போலத்தான் வந்துகொண்டிருந்தன. ஆனால் அந்த வெயில் சாயும் நேரத்தில், தார் கொதிக்கிற அந்தத் தெருவில், மக்கிய இலையும் ஈரப் பாறையும் சேர்ந்த வாசனை அவருடைய பூட்டிய கதவுக்கு அடியிலிருந்து வந்தது.

அவர் ஊரில் ஒரு வழக்கம். மலைக்குப் போகிறவன் தன் மூட்டையைத் தானே கட்டக் கூடாது. கூட வருகிறவன் கட்டி, தலையில் ஏற்றிவிட வேண்டும். அப்படிக் கட்டியவனும் சுமந்தவனும் மலை இறங்கும்வரை பிரியக் கூடாது. செக்போஸ்டில் சந்தேகம் வராமலிருக்க, நேற்றே வேலாயுதனுக்கென்று ஒரு மூட்டை கட்டியிருந்தார். பேச்சுத் துணையில்லாத பழக்கத்தில், முடிச்சை இறுக்கும்போது "நேரத்துக்கு வந்துரும்வே" என்று விளையாட்டாகச் சொல்லவும் செய்தார். தன் துணியை மட்டும் கட்டிவிட ஆளில்லாமல் விரித்தபடி விட்டிருந்தார்.

பூட்டைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

அவருடைய மூட்டை கட்டியிருந்தது.

முடிச்சு ஈரம். அவிழ்க்கப் பார்த்தார். நகம்தான் பிய்ந்தது. வேலாயுதனின் மூட்டையைக் காணோம்.

"நான் போகல," என்றார். "மாடம்மா, மன்னிச்சுக்கோ. நான் போகல."

பின்னால் ஒரு மூச்சு. நிதானமான மூச்சு. அந்த அறையில் இன்னொரு மூச்சைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று ஒரு கணம் நெஞ்சு இளகியதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

கதவை நோக்கி ஓடினார். தாழ்ப்பாளை இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தார். நகரவில்லை.

தரையில் கிடந்த மூட்டை மெல்ல எழும்பும் சத்தம்.

பாரம் அவர் தலையில் இறங்கியது. பதமாக. கோணாமல்.

ஏற்றிவிட்ட கைகள் இரண்டும் எடுக்கப்படவில்லை. சில்லிட்ட விரல்கள், நெற்றியில் வழிந்து, மெல்ல அவர் கண்களை மூடின.