தண்ணீர் குடிக்கும் தரை

தண்ணீர் ஊற்றிய சத்தம் கேட்டது, தண்ணீரைக் காணோம்.

மேஸ்திரி இன்னொரு குவளை ஊற்றிப் பார்த்தார். மருந்துக் கிடங்கின் தரைக்கு எபாக்சி என்னும் பிசின் பூச்சு பூசுவதற்கு முன், பழைய எண்ணெயும் பெயிண்டும் போகத் தேய்த்து, தூசியை மெஷினால் உறிஞ்சி எடுத்து, கடைசியாகத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். முத்து முத்தாக நின்றால் தரையில் இன்னும் அழுக்கு இருக்கிறது. நிதானமாக உள்ளே இறங்கினால் பூச்சு பிடிக்கும். இங்கே விழுந்த கணமே மறைந்தது. ஈரத்தடம்கூட இல்லை.

"மூணு நாள் பட்டினி கெடந்த ஆளு மாதிரி குடிக்குது மச்சான்," என்று சிரித்தான் மாப்பிள்ளை. மேஸ்திரியின் தங்கை புருஷன். கல்யாணமாகி ஆறே மாதம்.

"குடிச்சா நமக்கு நல்லதுதான், பூச்சு உரியாது. இன்னொரு தடவ தேச்சு விடு மாப்ள."

இருபது வருஷப் பழக்கம் அப்படிச் சொல்ல வைத்தது. பாழாய்ப்போன பழக்கம்!

காலையில் தங்கை வாசல்வரை வந்திருந்தாள். "அவருக்கு எல்லாத்துலயும் அவசரம்ண்ணா. முழுசா வீட்டுக்குக் கொண்டு வந்து சேத்துடு." சரியென்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தார்.

வெளியே உச்சி வெயில். தூசி பறக்கக் கூடாதென்று ஷட்டரை இறக்கி ஜன்னலையும் சாத்தியிருந்ததால் உள்ளே இரண்டே விளக்குகள். இரண்டாம் முறை தேய்க்கத் தேய்க்க, சிமென்ட் வாசனைக்குப் பதிலாக நெடுநாள் மூடியிருந்த வாயின் வாடை எழுந்து மூக்கை அடைத்தது. மெஷினை நிறுத்தியதும் நான்கு மூலையிலிருந்தும் மெல்ல ஒரு சத்தம். யாரோ சப்புக்கொட்டுவது போல.

"மாப்ள, கேட்டியா?"

"மெஷின் இன்னும் உங்க காதுக்குள்ளயே ஓடுது மச்சான்."

பெரிய மெஷின் மூலைக்குள் போகாது. மாப்பிள்ளை சக்கரம் சுழலும் சின்னக் கைமெஷினை எடுத்தான். இடுக்கில் நுழையவில்லையென்று அதன் தகட்டு மூடியைக் கழற்றி வீசினான்.

"டேய், மூடியப் போடு!"

"ரெண்டே நிமிஷம்."

தரையில் புதைந்திருந்த போல்ட்டில் சக்கரம் மோதியது. மெஷின் துள்ளியது. மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பாதிவரை அறுத்துக்கொண்டு போய்ச் சுவரில் விழுந்தது. ரத்தம் பீய்ச்சியடித்தது. மேஸ்திரியின் சட்டையெல்லாம் சிவப்பு. சுவரெல்லாம் சிவப்பு.

தரை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

நிலைதடுமாறி மாப்பிள்ளை அறுபட்ட கையைத் தரையில் ஊன்றினான். கை திரும்ப வரவில்லை.

"மச்சான்... விட மாட்டேங்குது."

மேஸ்திரி அவன் இடுப்பைக் கட்டி இழுத்தார். தோள்மூட்டு 'மளுக்' என்றது. முழங்கை உள்ளே போயிற்று. சப்புக்கொட்டும் சத்தம் அவசரமானது. தோள். கழுத்து. கன்னம். எலும்புகள் ஒவ்வொன்றாக நொறுங்கின.

அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சிமென்ட்டின் நுண்துளைகளை அடைத்தால் தரை குடிக்காது.

ஓடினார். எபாக்சிப் பிசின், அதை இறுக வைக்கும் மருந்து, இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் கவிழ்த்தார். கலக்கினார். கொண்டுவந்து ஊற்றினார்.

"மூஞ்சில ஊத்தாதீங்க மச்..."

ஊற்றிவிட்டார்.

சத்தம் நின்றது. தரை குடிப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் கடைசி மடக்கில் மாப்பிள்ளையின் கால்களும் போயிருந்தன.

ஜன்னலில் தொங்கிய அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. மேஸ்திரிக்குத் தெரியும், தங்கைதான். அவர் நகரவில்லை. காலடியில் பூச்சு கண்ணாடிபோலப் பளபளத்து இறுகிக்கொண்டிருந்தது. அதற்கடியில் மாப்பிள்ளை கண்ணைத் திறந்தான். மிச்சமிருந்த கையை விரித்து, பளபளப்பின்மேல் உள்ளிருந்து தட்டினான்.