மினுங்கர் சாகவில்லை

டிலோஜினிக்குக் கோபம் வந்தால் முதலில் காணாமல் போவது 'அண்ணா' என்ற சொல்தான்.

"றொசாந்தன், சுவேதினியின்ர சோகி எங்க?"

மற்ற நாள்களில் 'றொசாந்தன் அண்ணா' என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அவன் பக்கத்து வீட்டுக்காரன், அவளைவிட இரண்டு வயது மூத்தவன். இன்றைக்கு அந்த மரியாதை எல்லாம் காற்றோடு போய்விட்டது.

வங்காலைக் கடற்கரையில் கிறிஸ்ரியின் அப்பா தன் படகைக் கரையேற்றி, பழுது பார்ப்பதற்காகக் கவிழ்த்து வைத்திருந்தார். அதன் நிழல்தான் இந்த விடுமுறையில் பிள்ளைகளின் விளையாட்டு மண்டபம். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரைபடம். தென்மேற்குச் சோழகக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகாமல் மூலைக்கு ஒரு கல்.

வரைபடத்தில் மலை இருந்தது, காடு இருந்தது, கடல் இருந்தது, கடலில் ஏழுவால் திருக்கை என்ற பூதத்தின் குகை இருந்தது. டிலோஜினியின் ஆளாக ஒரு சங்கு காட்டில் நின்றது. கிறிஸ்ரியின் ஆளாக ஒரு மட்டிச் சிப்பி மலையில் நின்றது. சுவேதினியின் ஆளான சோகி ஒரு சின்னச் சோழி; அதை மட்டும் காணவில்லை. அது வரைபடத்துக்கு வெளியே மணலில் கவிழ்ந்து கிடந்தது.

"அது செத்துப்போச்சு," என்றான் றொசாந்தன். "ஏழுவால் திருக்கை விழுங்கிப்போட்டுது."

"ஆர் சொன்னது?"

"கட்டை சொன்னது. அவளுக்காக நான் உருட்டினனான்."

இந்த விளையாட்டில் ஒவ்வொருவரும் ஓர் இனத்தைத் தாங்களே உண்டாக்க வேண்டும். பிறகு அந்த இனத்தில் ஓர் ஆளாக மாறிக் கதைக்குள் போக வேண்டும். கதையில் என்ன நடக்கிறது என்பதைப் பாதி கதைத்தலைவர் சொல்வார், பாதி இருபது முகத் தாயக்கட்டை சொல்லும். கட்டையை அனுப்பியவர் ரொறன்ரோவில் இருக்கும் மாமா. அவர் றொசாந்தனின் மாமா. ஆகவே கதைத்தலைவர் றொசாந்தன். அந்தப் பட்டத்தையும் அவனே தனக்குச் சூட்டிக்கொண்டான்.

"இங்க இல்லாதவளுக்கு ஏன் உருட்டினனீங்கள்?" என்று டிலோஜினி கேட்டாள்.

"அதான் சட்டம். தொடர்ந்து வராத ஆக்களின்ர ஆள் சாகலாம்."

"அந்தச் சட்டம் எப்ப வந்தது?"

றொசாந்தன் தொண்டையைச் செருமினான். "நேற்று."

நேற்று! டிலோஜினிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. சுவேதினி விடுமுறை தொடங்கிய அன்றைக்கே போய்விட்டாள். சோழகம் அடித்தால் வங்காலைப் பக்கத்துக் கடல் பொல்லாதது. அதனால் சுவேதினியின் அப்பாவும் அம்மாவும் வடக்குக் கரைக்குப் போய், அங்கே ஓலையால் ஒரு வாடி போட்டு, காற்று அடங்கும்வரை அதில் தங்கித் தொழில் செய்வார்கள். பாடசாலை விடுமுறை என்றால் சுவேதினியும் போக வேண்டும். வலையில் சிக்கியதைத் தெரிந்தெடுக்க, மீன் காய வைக்க, தம்பியைப் பார்க்க அங்கே ஆள் வேண்டும்.

ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு சட்டம் போட்டு, அந்தச் சட்டத்தால் அவளையே கொன்றால் அது எந்த ஊர் நியாயம்?

"நீங்கள் மடு மாதா திருவிழாவுக்குப் போகேக்க என்ன நடந்தது?" என்று டிலோஜினி கேட்டாள். "கட்டையைக் காற்சட்டைப் பைக்குள்ள போட்டுக்கொண்டு போனனீங்கள். ஒரு கிழமை விளையாட்டே இல்லை. அப்ப ஒருத்தரையும் திருக்கை விழுங்கேல்லை."

"அது திருவிழா."

"இது தொழில். அவள் அங்க பகிடிக்கோ போனவள்?"

கிறிஸ்ரி பணிஸ் தின்றுகொண்டிருந்தான். "டிலோஜினி சொல்லுறது சரிதான்," என்றான். றொசாந்தன் முறைத்தான். கிறிஸ்ரி மீதிப் பணிஸையும் வாய்க்குள் தள்ளி, மேற்கொண்டு பேச முடியாதபடி செய்துகொண்டான்.

"கட்டை விழுந்தது விழுந்ததுதான்," என்றான் றொசாந்தன். "அவள் வந்து வேற இனம் செய்யட்டும்."

டிலோஜினி சோகியை எடுத்து மணலைத் தட்டினாள். போகிற அன்றைக்குச் சுவேதினி, வலை மூட்டைகளுக்கு நடுவே லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி இருந்துகொண்டு, இதை இவள் கையில்தான் தந்தாள். "என்ர இனத்துக்குப் பேர் மினுங்கர். மிச்சம் வந்து சொல்லுறன். அதுவரைக்கும் நீ பாத்துக்கொள்," என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்தினாள். பார்த்துக்கொண்ட அழகு இதுதான்.

மிச்சம் வந்து சொல்லுறன்.

டிலோஜினி சட்டென்று நிமிர்ந்தாள்.

"உங்கட முதலாவது சட்டம் என்ன? எந்த இனம் எண்டாலும் அது எப்பிடிப் பிறக்கும், எப்பிடி வளரும், எப்பிடிச் சாகும் எண்டு முதலே சொல்லவேணும். அப்பிடித்தானே?"

"ஓம்."

கிறிஸ்ரியின் பாறையர் பாறை வெடித்துப் பிறப்பார்கள், பணிஸ் தின்று வளர்வார்கள், பணிஸ் தீர்ந்தால் சாவார்கள். டிலோஜினியின் காற்றர் சுழல்காற்றில் பிறப்பார்கள், பாட்டுக் கேட்டு வளர்வார்கள், பாட ஒருவரும் இல்லாவிட்டால் மறைந்துபோவார்கள்.

"மினுங்கர் எப்பிடிச் சாவினம் எண்டு சுவேதினி சொன்னவளோ? இல்லை. திருக்கை விழுங்கினால் மினுங்கர் சாவினம் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கிறிஸ்ரிக்குச் சிரிப்பு வந்து பணிஸ் மூக்கில் ஏறியது.

"சரி," என்றான் கதைத்தலைவர் கடைசியில். "அவளுக்குப் பதிலா நீ நாளைக்கு வந்து சொல்லு. ஆனால் சாகாத இனம் எண்டு சொல்லேலாது. அவைக்கு ஒரு பலவீனம் இருக்கவேணும். கேட்டால் நம்புற மாதிரியும் இருக்கவேணும். இல்லாட்டி செத்தது செத்ததுதான்."

அன்று பின்னேரம் டிலோஜினி வீட்டில் இடியப்பம் பிழிந்தாள். கோபம் முழுவதும் இடியப்ப உரலுக்குள் இறங்கியது.

"மெல்லப் பிழி பிள்ளை," என்றார் அம்மா அன்ரோனெற். "உரல் உனக்கு என்ன செய்தது?"

"அம்மா, விழுங்கினாலும் சாகாத ஆக்கள் இருக்கினமோ?"

"யோனாஸ் இருந்தவர். மீனின்ர வயித்துக்குள்ள மூண்டு நாள் இருந்தவர்."

டிலோஜினி அதை யோசித்துப் பார்த்தாள். சரிவராது. வேதாகமக் கதையைக் களவெடுத்தாள் என்று றொசாந்தன் அடுத்த பூசைக்கே சொல்லித் திரிவான். கிழவர்களாகப் பிறந்து குழந்தைகளாகச் சாகும் இனம் ஒன்றை நினைத்தாள். வெட்ட வெட்ட முளைக்கும் இனம் ஒன்றை நினைத்தாள். ஒன்றுமே சுவேதினியைப் போல இல்லை. நித்திரைக்குப் போகும்போதும் அவள் கோபமாகவே போனாள்.

விடிந்ததும் கடற்கரைக்கு நடந்தாள். நேற்றைய கோபம் குறைந்தபாடில்லை. வழியில் ஒரு செத்த நண்டு கிடந்தது. ஆத்திரத்தில் அதைக் காலால் எத்தினாள்.

நண்டு காகிதம் மாதிரிப் பறந்தது.

டிலோஜினி நின்றாள். முழு நண்டு ஒன்று இவ்வளவு தூரம் பறக்காதே. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தாள். கால்கள் எல்லாம் இருந்தன, இரண்டு கொடுக்கும் இருந்தன, கண் இருக்கும் காம்பு கூட இருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். நாற்றம் இல்லை. பின்பக்கம் திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

நண்டு சாகவில்லை. வளர்ந்துவிட்டது. மேலோடான பழைய கோது இறுகிப்போக, அதைக் கழற்றி வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டது. இது டிலோஜினிக்கு முன்பே தெரியும். வங்காலையில் இது தெரியாத பிள்ளையே இல்லை. றொசாந்தனுக்கும் தெரியும்.

"தெரியும்தானே," என்று அவள் கடலைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாருக்கும் தெரியும்தானே." பிறகு கோதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடினாள்.

படகின் நிழலில் றொசாந்தனும் கிறிஸ்ரியும் காத்திருந்தார்கள். டிலோஜினி வரைபடத்தின் நடுவில் நண்டை வைத்தாள்.

"செத்த நண்டை ஏன் கொண்டு வந்தனி?" என்றான் றொசாந்தன்.

"செத்ததோ? வடிவாப் பாருங்கோ."

அவன் தூக்கிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். "கோது," என்றான்.

"ஓம். இப்ப கேளுங்கோ. மினுங்கர் பிறக்கேக்க கடுகளவுதான். அலை கொண்டுபோற இடத்துக்குப் போவினம். கொஞ்சம் பெருத்ததும் அவைக்கு ஒரு கோது வரும். அது மினுங்கும். ஆனால் கோது வளராது. உள்ள இருக்கிற ஆள்தான் வளரும். இறுகத் தொடங்கினால் அவை கோதைக் கழட்டி வைச்சிட்டுத் தூரப் போகவேணும்."

"ஏன் போகவேணும்? இங்கயே இருந்து வளரலாமே," என்றான் கிறிஸ்ரி.

"புதுக்கோது இறுகும்வரைக்கும் அவை பஞ்சு மாதிரி. சின்ன மீன் கடிச்சாலும் சாவினம். அதுதான் பலவீனம். அதால அமைதியான கரைக்குப் போய் இருந்திட்டு, பெருத்துத் திரும்பி வருவினம். ஒவ்வொரு தரமும் பழசு ஒண்டை விட்டிட்டு, புதுசு ஒண்டைக் கொண்டு வருவினம்."

"அப்ப எப்பிடிச் சாவினம்?" என்று றொசாந்தன் விடாமல் கேட்டான்.

டிலோஜினி இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள்.

"போகாட்டித்தான் சாவினம். பழைய கோதுக்குள்ளயே நெரிஞ்சு சாவினம். போற மினுங்கர் வளருவினம். உங்கட சட்டம் தலைகீழ்."

கிறிஸ்ரி பணிஸைக் கடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான்.

"அப்ப திருக்கை விழுங்கினது?" என்று றொசாந்தன் மெதுவாகக் கேட்டான்.

"வெறுங்கோது. உங்கட ஏழுவால் திருக்கைக்கு இப்ப நல்ல வயித்துக்குத்து."

கிறிஸ்ரி விழுந்து விழுந்து சிரித்தான். றொசாந்தன் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தான். ஆனால் டிலோஜினி சிரிக்கவில்லை.

"இன்னும் முடியேல்லை. போற ஆள் கோதைச் சிநேகிதரிட்டைக் குடுத்திட்டுத்தான் போகும். அவைதான் அதைக் காக்கவேணும். கோது இருந்தால்தான் தன்ர இடம் எது எண்டு திரும்பி வாற மினுங்கருக்குத் தெரியும். பள்ளிக்கூடம் தொடங்கப்போகுது, சுவேதினி ஞாயிற்றுக்கிழமை வாறாள். எங்களிட்டைத் தந்திட்டுப் போன சோகிதான் அவளின்ர கோது. அது இப்ப திருக்கையின்ர வயித்துக்குள்ள இருக்கு. நாங்கள்தான் விட்டனாங்கள்."

றொசாந்தனின் கண்கள் அகலமாகின. அவன் வரைபடத்தின் மேல் குனிந்தான். காட்டிலிருந்து கடலுக்கு, கடலிலிருந்து திருக்கையின் குகைக்கு விரலை ஓட்டினான். அவன் கண்டுபிடித்த கதைகள் எல்லாவற்றையும் விட இது நல்ல கதை. அது அவனுக்கே தெரிந்தது. கதைத்தலைவராக இருப்பவன் நல்ல கதையை எப்படி வேண்டாம் என்பான்?

"அப்ப," என்று குரலைத் தாழ்த்தினான், "ஞாயிறுக்கு முதல் ஆர் திருக்கையின்ர வயித்துக்குள்ள இறங்கப்போறது?"

"பாறையர்," என்றான் கிறிஸ்ரி. "பணிஸ் கொண்டு போகலாம்தானே?"

மூன்று பின்னேரங்கள் அந்தப் படகின் நிழலில் பெரும் போர் நடந்தது. பாறையர் திருக்கையின் வாய்க்குள் இறங்கி, பாதி வழியில் பணிஸ் தீர்ந்து, சாகப் பார்த்தார். காற்றர் திருக்கையின் வயிற்றுக்குள் புகுந்து கிச்சுக்கிச்சு மூட்டினார். கடைசியாகக் கட்டையை உருட்டியபோது மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பதினெட்டு விழுந்தது. ஏழுவால் திருக்கை ஒரு பெரிய ஏப்பம் விட்டது. கோது வெளியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுவேதினி கடற்கரைக்கு ஓடி வந்தாள். வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தாள், தலைமுடி செம்பட்டையாகியிருந்தது. போகும்போது முழங்காலைத் தொட்டு நின்ற சட்டை இப்போது முழங்காலுக்கு மேலே ஏறி நின்றது.

"என்ர சோகி இருக்குதோ?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

சோகி வரைபடத்தின் நடுவில், நண்டுக் கோதின் நிழலில், பத்திரமாக நின்றது. டிலோஜினி நடந்ததை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். திருக்கை சோகியை விழுங்கிய இடத்தில் சுவேதினி றொசாந்தனைத் திரும்பிப் பார்த்தாள். றொசாந்தன் அவசரமாக ஒரு மூலைக் கல்லைச் சரிசெய்தான்.

"அந்தச் சட்டத்தை எடுத்திட்டன்," என்றான். "நீ இல்லாத நேரம் போட்டிருக்கக் கூடாது."

பிறகு நிமிர்ந்து, கதைத்தலைவரின் குரலில் கேட்டான். "மினுங்கரே, எதை விட்டிட்டு வந்தனீர்? எதைக் கொண்டு வந்தனீர்?"

சுவேதினி யோசித்தாள். "செருப்பை வாடியில விட்டிட்டு வந்திட்டன். அம்மா ஏசினவா."

"கொண்டு வந்தது?"

சுவேதினி இரண்டு விரலை வாய்க்குள் வைத்து ஒரு விசில் அடித்தாள். கரையில் படுத்திருந்த நாய்கள் எழும்பி ஓடின. தூரத்தில் நின்ற கழுதை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. கிறிஸ்ரியின் பணிஸ் மணலில் விழுந்தது.

"கடல்ல நிக்கிற அப்பாவைக் கூப்பிடப் பழகினனான்," என்றாள் சுவேதினி.

"இதைக் கேட்டால் ஏழுவால் திருக்கையின்ர ஏழு வாலும் முடிச்சு விழும்," என்று றொசாந்தன் தீர்ப்புச் சொன்னான். "திரும்ப எப்ப போவாய்?"

"அடுத்த சோழகத்துக்கு."

றொசாந்தன் நண்டுக் கோதைக் கவனமாகத் தூக்கினான். மாமா அனுப்பிய ரொறன்ரோப் பெட்டியைத் திறந்து, வேறு ஒருவரையும் அவன் தொடவிடாத அந்தக் கட்டைக்குப் பக்கத்தில், பஞ்சு வைத்து அதை வைத்தான்.

"அதுவரைக்கும் இது இங்க இருக்கட்டும். நான் பாத்துக்கொள்ளுறன்."

டிலோஜினி தள்ளி இருந்து அவனுக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.

"வந்து இருங்கோ, றொசாந்தன் அண்ணா," என்றாள். "விளையாட்டைத் தொடங்குவம்."