பாய் விரிச்சாச்சு

சிமெண்டுத் தரையில் சாண வாடை வரக் கூடாது. அறைக்குள் கால் வைத்ததும் கெனுவேக்கு முதலில் உறைத்தது அதுதான். செல்லோவின் லாட்ஜில் தரை சிவப்புச் சாயம் பூசி வழவழவென்று கிடந்தது. மூக்கில் ஏறியதோ அப்போதுதான் கையால் மெழுகிவிட்ட பச்சைச் சாணத்தின் வாடை, அதற்கடியில் மண்ணெண்ணெய், அதற்கும் அடியில் நனைந்த கம்பளிப் போர்வையின் வாடை. அவளுடைய புருஷன் வீடு அப்படித்தான் மணக்கும்.

"பின்னால மாடு கட்டியிருக்கீங்களா?"

"மாடு இருந்தா நான் எதுக்கும்மா லாட்ஜு நடத்தறேன்?" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார் செல்லோ.

மலையேறி வந்த பேருந்து அவளை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாத்தனார் அகாத்தா நிறுத்தத்திலேயே காத்திருந்தாள்.

"வீடு இருக்கறப்ப லாட்ஜா மதினி? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பல்லு அவங்களோடது."

"ஒரே ராத்திரி. சும்மா படுத்து எந்திரிங்க."

"அந்தக் கூரைக்குக் கீழ தலைசாய்ச்சா, விடியறப்ப உங்க சின்னண்ணனுக்கு நான் பொண்டாட்டி. இது எனக்கா தெரியாது?"

அந்த ஊர் வழக்கம் அது. புருஷன் கரபோ சுரங்கத்தில் செத்து ஏழு மாதம். விதவை அந்த வீட்டில் ஒரு இரவு படுத்தால் கொழுந்தன் மொலெஃபிக்குச் சம்மதித்தாள் என்று பொருள். நாளைக் காலை ஊர்த்தலைவர் முன்னால் நின்று 'மாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவள் விடுபட்டாள். தலைநகர் மசேருவில் தையல் ஆலை வேலையும் வாடகை அறையும் அவளுக்கே அவளுக்கு. அதற்கு இன்றிரவு வேறெங்காவது படுத்தாக வேண்டும்.

"அண்ணன் பாய் விரிச்சாச்சு மதினி," என்றாள் அகாத்தா.

"எந்த அண்ணன்?"

அகாத்தா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்துவிட்டாள்.

இப்போது லாட்ஜ் அறையில் கெனுவே கட்டிலில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றப் போனவள் நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வெயிலைத் தின்றுகொண்டிருந்தது. தகரக் கூரையின் மேல் புல் உரசும் சத்தம் கேட்டது, காய்ந்த கூரைப்புல் காற்றில் உரசுகிற அதே சத்தம். எதிர்ச் சுவரைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை. வலப்பக்க மூலையைக் காணோம். சுவர் அங்கே வளைந்து திரும்பியிருந்தது, புருஷன் வீட்டின் வட்டமான குடிசைச் சுவர் திரும்புகிற மாதிரி. எண்ணினாள். மூன்று மூலை.

பயம் வந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

மாதா கோயில் விடுதியில் கன்னியாஸ்திரி சிரித்த முகத்தோடு ஓர் அறையைத் திறந்துவிட்டாள். வெள்ளை விரிப்பு, சிலுவை, துடைத்த ஜன்னல். வாசலில் நின்றபடியே கெனுவே மூலைகளைத்தான் பார்த்தாள். இரண்டு.

"சாண வாடை அடிக்குதா சிஸ்டர்?"

"ஐயோ, ப்ளீச்சு போட்டுல்ல கழுவியிருக்கோம்!"

கெனுவே திரும்பி நடந்தாள். கூரையே இல்லாத இடத்துக்கு எந்த வீடு வரும், அதையும் பார்த்துவிடுவோம். பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். பையைக் காலுக்கிடையில் வைத்தாள். விடியும்வரை நிற்பேன். உட்காரக்கூட மாட்டேன்.

பனி இறங்கியது. கடை விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின. செல்லோவின் லாட்ஜு மறைந்தது. சாலை மறைந்தது. பனி அவளைச் சுற்றி வட்டமாக நின்றது. கையை நீட்டினாள். விரல் நுனியில் ஈரச்சுவர். மண்சுவர்.

"நான் படுக்க மாட்டேன்!" என்று கத்தினாள். "செத்தவனுக்கும் மாட்டேன், இருக்கறவனுக்கும் மாட்டேன். கேக்குதா?"

காலடியில் சரளைக்கல் இல்லை. மெத்தென்றிருந்தது. குனிந்து பார்த்தாள். பச்சைச் சாணம். அதில் விரல்கள் இழுத்த வளைகோடுகள். கோடுகள் இன்னும் நின்றபாடில்லை. யாரோ மெழுகிக்கொண்டே வந்தார்கள். அவளை நோக்கி.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள்.

முன்னால் பாய். ஒரு பாதியில் யாரோ படுத்திருந்தார்கள். தலையோடு இழுத்து மூடிய போர்வை. அதில் சுரங்கப் புழுதி.

கெனுவே முழங்காலை இறுக்கினாள். நின்றாள்.

போர்வைக்குள்ளிருந்து கை வந்தது. மெல்ல. கோபமே இல்லாமல். பாயின் காலிப் பக்கத்தை இரண்டு தட்டு தட்டியது.

அவள் நின்றாள்.

கை மறுபடி தட்டியது.