கைக்குட்டை விழுந்த கழுத்து

"உங்களை யாருங்க சுருதியை ஏத்தச் சொன்னது?"

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் அக்சீனியா அவன் மேல் பாய்ந்துவிட்டாள். அக்கார்டியன்காரன் இலாரியோன் நிமிர்ந்து பார்த்தான். மழை ஏறிய வானத்தின் நிறத்தில் இரண்டு கண்கள்... சொல்ல வந்த அடுத்த வசவு அவளுக்கு மறந்தே போனது.

"பாடிட்டீங்கள்ல?"

"மூச்சு முட்டிச்சு!"

"உங்க குரல் அங்கேதாங்க சிரிக்குது. கீழே பாடினா தூங்குது."

இது புகழ்ச்சியா, கிண்டலா? ஒன்றும் புரியவில்லை அவளுக்கு. ஓர்ஹெய் ஊருக்குப் பக்கத்தில் நடக்கும் இந்தக் கல்யாணத்தில் பாட இருந்த வேறொருத்திக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், அவளுக்குப் பதிலாகக் காலையில்தான் தலைநகர் கிஷினாவிலிருந்து அக்சீனியா வேன் ஏறி வந்திருந்தாள். வந்த இடத்தில் இப்படி ஒருவன்!

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பந்திக்கு நடுவே, குழுத் தலைவர் பிடில்காரர் ஸ்பிரிதோன் ஒயின் கோப்பையோடு வந்தார்.

"கோடை முழுக்க எங்களோட பாடறியாம்மா? சாமான் கட்டறதுக்குள்ள பதில் சொல்லிடு."

இந்த வார்த்தைக்காக எத்தனை வருடம் காத்திருந்தாள்! சரி என்று சொல்ல வாயெடுத்தவள், ஏனோ இலாரியோனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் செத்துப்போயிருந்தது. தலைவர் நகர்ந்ததும், கோஸ் இலையில் சுருட்டிய சோற்று உருண்டைகளைத் தட்டில் வைத்து அவளிடம் நீட்டினான்.

"சாப்பிடுங்க... அப்புறம், எங்க குழுவுல சேராதீங்க."

"ஏன்? நான் அவ்வளவு மோசமாவா பாடறேன்?"

"ஐயோ, அதில்லைங்க..."

"பின்னே?"

தட்டை வைத்துவிட்டு ஓடியே போனான். அவளுக்கு அழுகை முட்டியது. குரல் சிரிக்குது என்றவனே போ என்கிறான்! ஊட்டுவது போல் தட்டை நீட்டி விரட்டுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதைவிடக் கொடுமை... அவன் விரட்டினால் தனக்கு ஏன் வலிக்க வேண்டும்?

அப்போது கைக்குட்டை ஆட்டம் தொடங்கியது. வட்டத்துக்குள் ஆடுகிறவர் தனக்குப் பிடித்தவர் கழுத்தில் கைக்குட்டையைப் போட்டு இழுப்பார். அதைத் தரையில் விரித்து இருவரும் மண்டியிட, கன்னத்தில் ஒரு முத்தம். பிறகு கைக்குட்டை கை மாறும். மாப்பிள்ளையின் தங்கை குறும்புக்காரி. பாடகியின் கழுத்திலேயே போட்டு இழுத்துவிட்டாள்.

"யாரை எடுக்கப் போறே? எங்க அண்ணன்மாரு வரிசையா நிக்கறாங்க பாரு!"

அக்சீனியா யாரையும் பார்க்கவில்லை. நேராக மேடைக்குப் போய் அக்கார்டியன்காரனின் கழுத்தில் கைக்குட்டையைப் போட்டாள். பந்தலே 'ஓ' என்றது. வாசிப்பவனை எவரும் இழுப்பதில்லை. அவனை இழுத்துவிட்டால் ஆட்டத்துக்கு வாசிப்பது யார்? ஆனால் அவன் அக்கார்டியனோடு இறங்கி வந்தான். வாசித்துக்கொண்டே, அவள் விரித்த கைக்குட்டையில் அவளோடு மண்டியிட்டான்.

"இப்ப சொல்லுங்க. ஏன் சேரக் கூடாது?"

"குழுவுல பாடற பொண்ணை எவனும் விரும்பக் கூடாதுன்னு தலைவர் கட்டளை. மீறினா அவன் வெளியே." அவன் மேடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "நீங்க சேர்ந்துட்டா... நான் உங்ககிட்ட சொல்லவே முடியாதுங்க."

"என்ன சொல்ல?"

"சுருதி ஏத்தினப்பவே விழுந்துட்டேங்க..."

மடையன்! இதைச் சொல்லவா இத்தனை குழப்பம்? அவன் கன்னத்தில் முத்தமிட்டாள். அக்கார்டியன் பாதி ராகத்தில் நின்றுபோனது.

"வாசிடா, தடியா!" மேடையிலிருந்து ஸ்பிரிதோன் கத்தினார்.

அக்சீனியா எழவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டே திரும்பினாள்.

"பதில் கேட்டீங்களே அண்ணே... பாட்டையும் விட மாட்டேன், இந்த ஆளையும் விட மாட்டேன். உங்க கட்டளையை என்ன பண்றதுன்னு நீங்களே பார்த்துக்கங்க!"