ஜூன் பன்னிரண்டில் பிறந்தவள்

காலை 9.10. களவு போனது பொன்னல்ல, பொருளல்ல, ஒரு பெயர்.

அமெரிக்காவில், சார்ல்ஸ்டன் பக்கத்துத் தீவில், லொரீனின் குடும்பப் பைபிளுக்குள் ஒரு பழைய பிறப்புத்தாள் உண்டு. பார்பேடோஸில் ஒரு பாதிரியார் எழுதியது: "ஃபிபா, 1730 ஜூன் 12." கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்து, கரோலினாவில் அடிமையாகவே செத்தவள். ஆற்றங்கரைக் கல்லறையில் அவள் பெயர் இருக்கிறது. அந்த நிலத்தில் வீடு கட்டத் துடிக்கிறது ஒரு நிறுவனம். அவள் தன் வம்சம்தான் என்று லொரீன் இன்று இரண்டு மணிக்குள் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

இப்போது தாளில் "ஜூபா" என்று இருந்தது; கல்லறைப் பெயரோடு பொருந்தவில்லை. தேதி மட்டும் அதேதான்.

"சின்ன வயசுலேருந்து பார்த்த தாளு அக்கா! யாரோ மாத்தி வச்சுட்டாங்க!" லொரீன் பக்கத்து வீட்டு வெர்டெலிடம் அழுதாள்.

"போட்டோ எடுத்து வச்சிருக்கியா?"

"பைபிளைப் படம் புடிக்கவே கூடாதுன்னு அம்மா சொல்லிருச்சே."

வெர்டெல் முப்பது வருடம் தபால் கொடுத்தவள். தீவில் யாருக்கு யார் உறவு என்பது அவளுக்கு அத்துப்படி. விசாரித்தாள். பைபிளைத் தொட்டவர்கள் இரண்டே பேர். நிலத்தை விற்கச் சொல்லும் பங்காளி ரூஃபஸ். குடும்ப மரம் வரைய வந்த ஆராய்ச்சியாளர் விட்லோ.

10.20. ரூஃபஸ் வெண்டைக்காய் சூப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"ஜூபான்னா என்னடா அர்த்தம்?"

"யாருக்குத் தெரியும்? நான் மாத்தியிருந்தா மேரின்னு எழுதிட்டுப் போயிருப்பேன்."

சோம்பேறி பொய் சொல்லவும் சோம்பல்படுவான் என்று வெர்டெல் நினைத்துக்கொண்டாள்.

11.05. விட்லோ சிரித்தபடி வரவேற்றார்.

"அது ஆப்பிரிக்க வழக்கம்மா. பிறந்த கிழமைதான் பேரு. வெள்ளிக்கிழமைப் பொண்ணு ஃபிபா, திங்கக்கிழமைப் பொண்ணு ஜூபா. 1730 ஜூன் 12 திங்கள். போன்லயே பாருங்க. பாவம், லொரீனுக்கு ஞாபகப் பிசகு."

பார்த்தாள். திங்கள்தான். பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

"பார்பேடோஸை அப்ப ஆண்டது யாரு?"

"இங்கிலீஷ்காரங்க."

"அவங்க 1752 வரைக்கும் பழைய காலண்டரைத்தானே வச்சிருந்தாங்க? நம்மளதுக்குப் பதினோரு நாள் பின்னால. அவங்க ஜூன் 12, நம்ம ஜூன் 23. இப்ப போனைப் பாருங்க சார்."

அவளே தன் போனை அவர் முன் நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமை. பெத்தவளுக்குக் கிழமை தப்புமா? அன்னிக்குத் திங்கள்னு சொல்றது இந்தப் போன் மட்டுந்தான். கிழமைப் பேரும் தெரிஞ்சு, போனையும் நம்பி எழுதினவர் நீங்க. அந்த வழக்கமே ரூஃபஸுக்குத் தெரியாது."

விட்லோ பையைத் திறந்தார். உண்மைத் தாள் உள்ளே இருந்தது. அந்த நிறுவனம் பெரிய வேலை தருவதாகச் சொன்னதாம்.

வாசலில் காத்திருந்த லொரீன் தாளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வெர்டெல் போலீசை அழைக்கப் போனபோது தடுத்தாள்.

"கொஞ்சம் பொறு அக்கா. கோர்ட்டு முடிஞ்சதும் இந்த ஆளு என்கூட ஆத்தங்கரைக்கு வரட்டும். ஊரு, உடம்பு, பெத்த புள்ளைங்க, எல்லாத்தையும் ஃபிபாகிட்டேருந்து புடுங்கிட்டாங்க. மிச்சமிருந்தது பேரு ஒண்ணுதான். அதையும் நான்தான் எடுத்தேன்னு, அவகிட்டயே சொல்லட்டும்."