நாற்பது குப்பிகள்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் வேல்விழி டீயில் முதல் வாய் வைத்த நேரம் பார்த்து...

"மேடம், ஒரகடம் ஜீவரேகா ரிசர்ச் கம்பெனிலருந்து டாக்டர் ராஜசேகர் பேசறேன். திருட்டு... மூணு வருஷ உழைப்பு போச்சு."

"எத்தனை பவுன்?"

"நகை இல்ல மேடம். நாப்பது கேன்சர் பேஷன்ட்டோட... மலம்."

வேல்விழி டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

இருபதே நிமிடம். ஜீப் மேம்பாலம் தாண்டி கம்பெனிக்குள் நுழைந்தது. 'வயிறும் மூளையும் - புற்றுநோய் ஆய்வரங்கம்' என்றது பேனர். ஏசி ஹாலில் யாரோ குடலைப் பற்றி உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே ராஜசேகர் வேர்த்து விறுவிறுத்திருந்தார்.

"பன்னண்டு மணிக்கு என் பேச்சு. முடிஞ்சதும் வெளிநாட்டு டீம் என் சாம்பிளை டெஸ்ட் பண்ணப் போகுது. அந்தப் பெட்டியைத்தான் காணோம்."

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"எட்டு மணிக்கு. ட்ரை ஐஸ் போட்டு, டேப் ஒட்டி, கோல்ட் ரூம்ல வெச்சேன். பூட்டி சாவியை இவகிட்ட குடுத்தேன்."

'இவள்', லேப் டெக்னீஷியன் அமலா. பிள்ளைப்பாக்கத்துக்காரி. முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் எடுக்கல மேடம். ரெண்டு புள்ளைங்க படிக்குது. போலீஸ் கேஸுன்னா இந்த ஏரியாவுல ஒரு கம்பெனியும் என்னை கேட்டுக்குள்ள வுடாது."

அப்போதுதான் கான்ஸ்டபிள் கோதண்டம் ஒரு தெர்மாகோல் பெட்டியோடு வந்தார்.

"ஸ்கூட்டர் ஷெட்ல கெடைச்சது மேடம். இந்தம்மா வண்டி பக்கத்துல, சாக்குக்கு அடியில."

ராஜசேகர் தலையில் கைவைத்தார். "வெயில்ல எல்லாம் கெட்டிருக்கும். திறக்காதீங்க, கிருமி பரவும். முதல்ல இவளை அரெஸ்ட் பண்ணுங்க."

"ஏறும்மா ஜீப்ல" என்றாள் வேல்விழி.

அமலா ஏறவில்லை. பெட்டியையே பார்த்தாள். இண்டு இடுக்கு விடாமல் சுற்றிலும் டேப்.

"சார், இது நீங்க ஒட்டின டேப்தானே?"

"ஆமா. மேல என் கையெழுத்து இருக்கு பார்."

"உள்ள ட்ரை ஐஸ்?"

"ரெண்டு கிலோ."

அமலா இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"மேடம், இங்க வர்றதுக்கு மின்னாடி ஐஸ்கிரீம் கம்பெனில நாலு வருஷம் பேக்கிங் லைன்ல இருந்தேன். ட்ரை ஐஸ் புகையா மாறிக்கினே இருக்கும். அது வெளிய போக சந்து வுட்டுதான் டேப் ஒட்டுவோம். இப்படி இறுக்கி ஒட்டினா பொட்டியே வெடிச்சிடும். இது காலைலருந்து கம்முனு கீது."

ராஜசேகர் பெட்டியை வாங்கக் கை நீட்டினார்.

வேல்விழி டேப்பைக் கிழித்தாள்.

"மேடம், வேணாம்..."

ட்ரை ஐஸ் இல்லை. நாற்பது குப்பிகள் இருந்தன.

நாற்பதும் காலி!

"சாம்பிள்னு ஒண்ணு இருந்தாத்தானே டெஸ்ட் பண்ண முடியும்? மூணு வருஷமா புருடா. குட்டு உடையற நாள் வந்ததும், பெட்டியை கோல்ட் ரூம்ல வெக்காம நீங்களே ஷெட்ல ஒளிச்சு ஒரு திருட்டு... பழி போட ஒரு பொம்பளை. சரிதானே டாக்டர்?" என்றாள் வேல்விழி.

அமலாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள்.

ராஜசேகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மேடம்... வயித்தைக் கலக்குது. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

கோதண்டம் ஒரு காலிக் குப்பியை நீட்டினார்.

"போய்ட்டு வாங்க சார். அப்படியே மூணு வருஷத்துல மொத சாம்பிளை எடுத்துகினு வாங்க."