உதடு படாத குவளை

2094 மே 17, திங்கட்கிழமை. கரிசல்நத்தத்தில் நண்பகல் வெப்பம் நாற்பத்தாறு பாகை. காற்றின் ஈரப்பதம் ஒன்பது விழுக்காடு. வானில் மேகம் இல்லை. மழைக்கு வாய்ப்பும் இல்லை.

பிற்பகல் இரண்டரை மணிக்குப் பெருமாள் சைவ உணவகத்தில் அமர்ந்திருந்த இருபத்தாறு பேரும் உண்பதை நிறுத்திவிட்டு ஒரே திசையில் திரும்பிப் பார்த்தனர். சுவரோர மேசையில் புதிதாக வந்தமர்ந்த ஒரு பெண்மணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தொண்டையின் ஒலி பிறர் செவிக்கு எட்டும்படி, மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருந்தார். அவர் கையிலிருந்த குவளையில் நீர் குறையவே இல்லை.

"என்னவே இது?" என்றார் பூல்பாண்டி. நாற்பது ஆண்டுகள் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எதையும் உரக்கவே கேட்டுப் பழகியவர். "நமக்கெல்லாம் குருவிக்கு வைக்க மாதிரி ஒரு மொடக்கு. அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஆத்தத் தொறந்து விட்டிருக்கீரு. ஆளு பாத்துல்லா ஊத்துது ஒம்ம டம்ளரு!"

உணவகத்தின் உரிமையாளரான வன்னியபெருமாள் அடுக்களை வாயிலிலிருந்து விரைந்து வந்தார். "நான் ஒண்ணுஞ் செய்யலவே. எல்லாம் ஒரே டம்ளருதான். எனக்கே வெளங்கல."

அவை தாகக்குவளைகள். உணவகங்கள் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டுமா என்பது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வரை நாட்டின் பெரும் வழக்காக இருந்தது. கடல்நீரை வடித்துக் குழாயில் கொணரும் செலவு, சோறு சமைக்கும் செலவை எட்டிப் பிடித்திருந்த காலம் அது. வாடிக்கையாளர் பாதி குடித்து மீதியை வைத்துவிட்டுப் போகிறார், இலையில் தெளிக்கிறார், விரல் நனைக்கிறார். ஆகவே இலவசமாகத் தர இயலாது என்றனர் உணவகத்தார். தாகத்துக்கு விலை சொல்பவன் மனிதனா என்று கேட்டனர் மக்கள். இரு தரப்பையும் அமைதிப்படுத்தியது இந்தக் குவளை. இதற்கு இரட்டைச் சுவர். சுவர்களுக்கிடையே அரை லிட்டர் நீர் மறைந்திருக்கும். உதடு விளிம்பில் பட்டதும், அங்குள்ள உணர்விழைகள் எச்சிலின் உப்பையும் தோலின் வறட்சியையும் படித்து, உடலுக்குத் தேவையான நீரை மட்டும் உள்ளே திறந்துவிடும். தேவைக்கு விலை இல்லை. தேவைக்கு மேல் ஒரு துளியும் இல்லை. உதடு படுவதற்கு முன்பே உள்ளே ஒரு மடக்கு நீர் நிற்கும். அதற்கு 'வரவேற்பு மடக்கு' என்று பெயரிட்டிருந்தனர்.

கரிசல்நத்தத்துக்குக் குவளைகள் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "குவளையை எடுத்து வழக்கம்போல் அருந்துக" என்பதே உடன் வந்த குறிப்பு. அந்த ஒரு மடக்குதான் அரசு வகுத்த இலவசம் என்று ஊரார் நம்பினர். உண்ண வருபவர் முன் அவர் கேட்காமலே தண்ணீர் வைப்பதுதான் கடைக்கு முதல் மரியாதை என்று உணவகத்தார் சங்கத்தில் வாதாடியவர் வன்னியபெருமாள். கருவியை ஊரில் முதலில் வாங்கியவரும் அவரே. அந்த ஒரு மடக்கை மேசையில் வைக்கும்போதெல்லாம் அவர் முப்பது நாட்களாக நாணித் தலை குனிந்திருந்தார்.

பெண்மணி குவளையை வைத்துவிட்டு எழுந்தார். "நான் ஜெபசெல்வி. நீர்ப் பகிர்வு ஆணையத்துல தாகக் கணிப்பாளர். நீங்கதானே வன்னியபெருமாள் அண்ணாச்சி?"

"ஆமா தாயி."

"உங்க ஊர்க் கணக்கப் பாத்துட்டு, கருவி கெட்டுப்போச்சுன்னு நெனச்சுத்தான் வந்தேன். முப்பது நாளா இந்த ஊருல ஒருத்தருக்கும் தாகமே இல்ல. இந்த வெயில்ல ஆளுக்கு ஒரு மடக்கு! எந்த ஊருலயும் இவ்வளவு கொறச்சலா இல்ல."

"தாகமா இல்ல?" என்று சிரித்தார் பூல்பாண்டி. "சாப்பிட்ட கையோட வீட்டுக்கு ஓடிப்போயி கொடத்தக் கவுத்துட்டுல்லா மறுவேல பாக்கோம்."

வீட்டில் குடிப்பது கணக்கில் சேராது. வீட்டுக் குழாயில் போகும் நீர் வாய்க்குப் போகிறதா, வாளிக்குப் போகிறதா என்பதை எக்கருவியாலும் அறிய இயலவில்லை. உதடு மட்டுமே பொய் சொல்லாது என்று முடிவு கண்ட ஆணையம், உணவகக் குவளைகள் காட்டும் தாகத்தைக் கொண்டே ஒவ்வோர் ஊருக்கும் குழாய்நீரின் பங்கை வகுத்து வந்தது.

"நீங்க குடிக்கிறத நான் ஒரு தடவ பாக்கலாமா, அண்ணாச்சி?" என்று பூல்பாண்டியிடம் கேட்டார் ஜெபசெல்வி.

பூல்பாண்டி குவளையை எடுத்தார். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, முகத்துக்கு ஒரு சாண் உயரத்தில் அதைப் பிடித்து, மெல்லிய தாரையாக வாய்க்குள் ஊற்றினார். ஒரு துளியும் சிந்தவில்லை. "போதுமா? லாரி ஓடும்போதே இப்படிக் குடிப்பேன்" என்று பெருமையுடன் குவளையை வைத்தார்.

ஜெபசெல்வி மெதுவாக நாற்காலியில் அமர்ந்தார். "நீங்க யாருமே வாய் வைக்கிறதில்லையா?"

"பொதுக் குவளையில வாய் வைக்கவா? எச்சியில்லா!"

ஜெபசெல்வி குவளையைக் காதருகே வைத்து அசைத்துக் காட்டினார். சுவர்களுக்கிடையே நீர் தளும்பும் ஓசை அனைவருக்கும் கேட்டது. வன்னியபெருமாள் அதை இரு கைகளாலும் வாங்கித் தம் காதில் வைத்துக்கொண்டார். முப்பது நாட்களாக அவர் நிறைந்த குவளைகளைத்தான் விருந்தினர் முன் வைத்திருந்தார். அவற்றை நிறைந்தபடியே திரும்ப எடுத்தும் சென்றிருந்தார்.

"இன்னிக்கு நாலு மணியோட கணக்கெடுப்பு முடியுது" என்றார் ஜெபசெல்வி. அவர் குரல் தாழ்ந்திருந்தது. "இதே கணக்கு நின்னுச்சுன்னா, உங்க ஊருக்குத் தண்ணி தேவையில்லன்னு எழுதி, நீர்நீங்கு ஊர்ப் பட்டியல்ல சேத்துருவாங்க."

அருகிலிருந்த சிந்தலக்குடி இரண்டாண்டுகளுக்கு முன்பு அப்பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. இன்று அதன் கடைத்தெருவில் வேலிக்கருவேலம் முளைத்திருக்கிறது. அதன் மக்கள் கடலோரத்தில், வரிசை எண்ணிட்ட தகரக் கொட்டில்களில் வாழ்கின்றனர்.

"ஒரு வழி இருக்கு. ஒரே எடத்துலேர்ந்து இருபத்தஞ்சு பேரோட உண்மையான தாகம் பதிவாச்சுன்னா, திரும்ப அளக்கணும்னு நான் எழுத முடியும். நான் குடிச்சது சேராது. ஊர்க்காரங்க இருபத்தஞ்சு பேரு வாய் வச்சுக் குடிங்க. அவ்வளவுதான்."

வன்னியபெருமாள் கூடத்தை எண்ணினார். இருபத்தாறு பேர் இருந்தனர். அவருடைய முகம் மலர்ந்தது. வாயிற்கதவைச் சாத்திவிட்டுக் கை கூப்பினார். "கேட்டீகள்லா? ஊரு பொழைக்கணும். எல்லாரும் ஒரு வாயி வைங்க."

மறுத்துரைத்தவர் எவருமில்லை, குவளையை எடுத்தவரும் எவருமில்லை. கடையில் குவளைகள் பன்னிரண்டே இருந்தன. ஒருவர் வைத்ததும் அவை சுழல்தட்டில் ஏறி, ஊதா ஒளியால் தூய்மையாகி, அடுத்தவரிடம் வரும்.

"வெளிச்சம் என்னத்தவே கழுவும்?" என்றார் பூல்பாண்டி. "தண்ணி ஊத்திக் கழுவாத எச்சி எச்சிதான்."

"கிருமி ஒண்ணுகூட மிஞ்சாதுன்னு நானே பாடம் எடுத்திருக்கேன்" என்றார் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை ஆண்டாள். "புத்திக்குத் தெரியுது. இந்த வாயி கேக்க மாட்டேங்குதே."

"டீச்சரே இப்படிச் சொன்னா?" என்றார் பூல்பாண்டி. "சரி, மொதல்ல ஒரு ஆளு வைக்கட்டும். பொறவு நாங்க வைக்கோம்."

அந்த முதல் ஆளுக்காகக் காத்திருந்ததில் அரை மணி நேரம் கழிந்தது. மூன்றேகால் மணிக்குக் கதவு தட்டப்பட்டது. உள்ளே வந்தவர் சங்கிலிமுத்து. ஊருக்கு மேற்கே பரந்து கிடந்த சூரியத் தகடுகளை உலர்துணியால் துடைப்பது அவர் வேலை. விடியற்காலை முதல் வெயிலில் நின்றிருந்த அவருடைய உதடுகள் வெடித்து, வெள்ளை பூத்திருந்தன. வழக்கம்போல் வாயிலையொட்டிய கடைசி நாற்காலியில் அமர்ந்தார். ஜெபசெல்வி அவரிடம் செய்தியை விளக்கினார்.

சங்கிலிமுத்து குவளையையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் வைக்கலாமா, மொதலாளி?"

"இதென்ன கேள்வி, சங்கிலி? ஒனக்கில்லாத தண்ணியா? வையி" என்றார் வன்னியபெருமாள். அவர் அதை மனமாரவே சொன்னார்.

சங்கிலிமுத்து உதட்டைக் குவளையில் பதித்தார். நீர் உள்ளே திறந்துகொண்டது. கண்களை மூடி, மூச்சு விடாமல் குடித்தார். கழுத்து நரம்புகள் ஏறி இறங்கின. முடிவில் குவளையின் அடியில் செந்நிற எண் ஒளிர்ந்தது: நானூற்று எழுபது மில்லிலிட்டர்.

"ஒண்ணு!" என்று கூவினார் ஜெபசெல்வி. சிலர் கை தட்டவும் செய்தனர். அக்குவளை சுழல்தட்டில் ஏறிற்று. தட்டு சுழன்றது, ஊதா ஒளி எழுந்து அடங்கிற்று. தட்டு நின்றபோது பன்னிரண்டு குவளைகளும் ஒரே வடிவில், ஒரே பளபளப்பில் நின்றன. சங்கிலிமுத்து குடித்தது எது என்று எவராலும் சொல்ல இயலவில்லை.

கை தட்டல் அடங்கிற்று. பூல்பாண்டி ஒரு குவளையை நோக்கிக் கையை நீட்டி, பின்பு அதே கையால் மீசையைத் தடவிக்கொண்டார். ஆண்டாள் டீச்சர் கைப்பையில் எதையோ தேடலானார். ஒருவர் இலையை மடித்தார். அவர் இன்னும் மோர்ச்சோறு உண்டிருக்கவில்லை. பன்னிரண்டு குவளைகளும் அந்த ஒரு குவளையாகவே ஆகிவிட்டிருந்தன.

சங்கிலிமுத்துவுக்கு அது விளங்கிற்று. அவர் சினக்கவில்லை.

"எங்க பூட்டனுக்கு இந்த ஊருல டம்ளரே கெடையாதாம்" என்றார். "கையக் குவிச்சு நின்னா மேலேர்ந்து ஊத்துவாகளாம். சாகுற வரைக்கும் சொல்லிட்டே கெடந்தாராம். டம்ளர் கையில வந்த பொறவு நாங்களும் அண்ணாந்துதான் குடிச்சோம், மொதலாளி. ஒங்கள மாதிரி இருக்கணும்னு."

வன்னியபெருமாளின் கண்கள் கலங்கின. தம் கடையில் எவருக்கும் வேற்றுமை காட்டியதில்லை என்பது அவருடைய வாழ்நாள் பெருமை. அவர் சுழல்தட்டினருகே சென்று, கைக்கு வந்த ஒரு குவளையை எடுத்தார். "எல்லாரும் பாருங்க. நான் குடிக்கேன். பொறவு ஒவ்வொருத்தரா வாங்க."

இருபத்தாறு பேரும் எழுந்து நின்றனர். உரிமையாளர் வாய் வைத்தால் தாமும் வைப்பதென்று அவர்கள் உறுதி கொண்டிருந்தனர், அதில் ஐயமில்லை. வன்னியபெருமாள் குவளையை உதட்டை நோக்கிக் கொண்டுவந்தார். அவருடைய அறிவு சம்மதித்தது, மனமும் சம்மதித்தது. எனினும் அறுபத்திரண்டு ஆண்டுகளாகத் தண்ணீர் குடித்துவந்த கை, எவரிடமும் கேளாமல் மேலே உயர்ந்தது. தலை பின்னே சாய்ந்தது. ஒரு மடக்கு நீர், மெல்லிய தாரையாக, ஒரு சாண் உயரத்திலிருந்து அவர் வாயில் விழுந்தது.

அவர் குவளையை இறக்கியபோது கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அது விடுதலையின் பெருமூச்சு. பூல்பாண்டி முன்வந்து, ஒரு குவளையை எடுத்து, அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். அடுத்தவரும் அவ்வாறே செய்தார். வரிசை ஒழுங்காக நகர்ந்தது. "வாய் வைங்க, வாய் வைங்க" என்று ஜெபசெல்வி ஒவ்வொருவரிடமும் மன்றாடினார். அவர்கள் பணிவோடு தலையசைத்துவிட்டு, குவளையை உயர்த்தினர். ஆண்டாள் டீச்சர் மட்டும் விளிம்பை உதட்டருகே கொணர்ந்து, அழுதுவிட்டு, பின்பு உயர்த்தினார்.

சங்கிலிமுத்து எழுந்தார். "சோறு வேண்டாம். வயிறு தண்ணியிலேயே நெறஞ்சு போச்சு. வாரேன், மொதலாளி" என்று சொல்லி, கதவைத் திறந்துகொண்டு வெயிலில் இறங்கினார்.

மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடத்துக்கு, ஜெபசெல்வியின் கைப்பலகையில் ஆணையத்தின் அறிக்கை தானாகவே உருவாகத் தொடங்கிற்று. அவர் அதை உரக்கப் படித்தார். படிக்க வேண்டும் என்பது விதி. "கரிசல்நத்தம். மக்கள்தொகை நாலாயிரத்து நூற்றுப் பதினொன்று. தாகமுள்ளோர்: ஒருவர். அவருக்கு உரிய நீர் வழங்கப்படும். ஏனையோருக்குத் தேவை இல்லை."

வன்னியபெருமாள் அவர் அருகில் வந்தார். அவர் குரல் வறண்டிருந்தது. "தாயி, எனக்கும் தாகமாத்தான் இருக்கு. காலையிலேர்ந்து நாக்கு ஒட்டிக் கெடக்கு. என் பேரையும் எழுதிக்கோங்க."

"நான் எழுத முடியாது, அண்ணாச்சி" என்றார் ஜெபசெல்வி. "குவளைதான் எழுதும்."

ஒருவர் பெயர் சேர்ந்தாலும் ஊர் பிழைக்காது என்பதை இருவரும் அறிவர். எனினும் வன்னியபெருமாள் மீண்டும் ஒரு குவளையை எடுத்தார். இம்முறை வலக்கை உயராதபடி இடக்கையால் அதன் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டார். குவளை முகத்துக்கு நேரே வந்தது. மூக்கில் நீரின் குளிர்ச்சி பட்டது. அவர் கண்களை மூடிக்கொண்டார், உதடுகளைத் திறந்தார், அப்படியே நின்றார்.

பலகையில் எழுத்துகள் அணைந்தன. கடைச் சுவருக்குள் தண்ணீர்க் குழாயின் அடைப்பிதழ் மூடிக்கொள்ளும் ஓசை கேட்டது. உதட்டுக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு விரற்கடை எஞ்சியிருந்தது. அப்போது நேரம் சரியாகப் பிற்பகல் நான்கு மணி.